நாலு தராசில் நின்ற ரேஸ் கார்

திண்டிவனம்,
ஈஸ்டர் கழிந்த வியாழக்கிழமை

அன்பும் பண்பும் அதற்குமேல் வீராப்பும் நிறைந்த கொழுந்தனார் சகாயராஜ் அவர்களுக்கு, அண்ணி இருதயசெல்வி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அண்ணனும் ஆறு கோழிகளும் சுகம். அங்கு விழுப்புரத்தில் நீங்களும் டயானாவும் பிள்ளைகளும், போன வருஷம் இங்கிருந்து எடுத்துப்போன உங்கள் கோபமும் சுகமாக இருக்க சகாய மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நாற்பது கிலோமீட்டர் தூரத்துக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் பண்ணினால் "அண்ணி, ஒரு நிமிஷம்" என்று நடுவில் புகுந்துவிடுவீர்கள், அந்த நிமிஷம் அப்புறம் முடியவே முடியாது. பேப்பரில் உங்களால் குறுக்கே பேச முடியாது. அஞ்சாவது வரை படித்ததற்கு இப்போதுதான் ஒரு பிரயோஜனம் வந்திருக்கிறது.

பட்டறையை விட்டுப் போன அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "அண்ணனுக்குக் கண்ணு போயிடுச்சு அண்ணி. டிரெய்லரு கோணலா வருது. டேப்பு புடின்னா கேக்க மாட்டேங்கிறாரு. யாரனா கரும்பு ஏத்திக்கினு போயி நடு ரோட்டுல கவுந்தா அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே ஜெயில்ல களி துன்னணும்" என்றீர்கள். முப்பது வருஷமாகக் கண்ணாலேயே மட்டம் பார்த்து டிரெய்லர் கட்டுகிற மனுஷன் காதில் விழும்படிச் சொன்னீர்கள். அன்று முதல் அவர் உங்கள் பெயரைச் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் "அந்த விழுப்புரத்தான்" என்கிறார். டயானா "விழுப்புரத்தான் வீட்டம்மா" ஆகிவிட்டாள். இந்தக் கடிதம் எதற்கு என்றால், நீங்கள் சொன்னது சுத்தப் பொய் என்று தெரிந்துவிட்டது. அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஆகையால் நீங்கள் அங்கேயே பஸ் பாடி கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம், இங்கு யாரும் உங்களைத் தேடவில்லை. எப்படித் தெரிந்தது என்பதைக் கேளுங்கள்.

பொங்கல் கழிந்து உங்கள் ஊர் பல் டாக்டர் ராஜ்குமார் பட்டறைக்கு வந்தார். அறுபது வருஷத்துக்கு முந்தி வெளிநாட்டில் ஓடின ஒரு ரேஸ் காரின் படத்தைக் காட்டினார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது, தவளை மாதிரி தரையோடு தரையாகக் குந்தியிருக்கிறது. அதே மாதிரி ஒன்றைச் சொந்தமாகக் கட்டி, ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டப்போகிறாராம். மேல் ஓடு கோயம்புத்தூரில் பைபரில் தயாராம், இஞ்சின் ஒரு பழைய காரிலிருந்து கழற்றியாகிவிட்டதாம், இரண்டையும் தாங்குகிற எலும்புக்கூடு, அதாவது சேஸிஸ், அது மட்டும்தான் பாக்கியாம். உங்கள் அண்ணன் படத்தை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாங்க டாக்டர், இது ரெண்டு பேரு போற டிரெய்லரு. அவ்ளோதான" என்றார். டாக்டர் முகம் பல் பிடுங்கின மாதிரி ஆயிற்று, ஆனால் ஒத்துக்கொண்டார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, இது டாக்டருக்காகக் கட்டுகிற கார் இல்லை, விழுப்புரத்தானுக்காகக் கட்டுகிற கார் என்று.

முதல் சேஸிஸை வாயைத் திறந்து சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பத்து டன் கரும்பு தாங்கும் அது. பழக்க தோஷத்தில் டிராக்டருக்கு மாட்டுகிற கொக்கியையும் முன்னால் வைத்துவிட்டார். டாக்டரும் கூட வந்த மூன்று பேரும் சேர்ந்து தூக்கினார்கள், அசையவில்லை. "அருள் அண்ணே, இதுல நான் போவப்போறேன், கரும்பு போவல" என்றார் டாக்டர். "கரும்பு ஒடிஞ்சா பரவால்ல டாக்டர், நீங்க ஒடிஞ்சா யாரு பல்லு பாக்கறது" என்று இவர் சொன்னார். ஆனாலும் அதை ஓரமாகப் போட்டுவிட்டு (இப்போது அதில்தான் கோழிகள் அடைகின்றன), மெல்லிசுக் குழாயில் முக்கோணம் முக்கோணமாக இன்னொன்று கட்டினார். அது எப்படி வந்தது தெரியுமா தம்பி, நானும் டாக்டரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வாசலில் வைத்தோம். மூலைக்கு மூலை நூல் பிடித்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மயிரிழை வித்தியாசம் இல்லை. சக்கரம் மாட்டுகிற கால்களை மட்டும் வழக்கம்போலக் கண் மட்டத்திலேயே வைத்தார். டேப் எடுத்துக்கொண்டு போனேன், முறைத்தார், திரும்பி வந்துவிட்டேன்.

இதற்குமேல்தான் பேஜாரு. சேஸிஸ் கட்டினால் மட்டும் போதாதாம், பக்குவம் பண்ணணுமாம். நான்கு சக்கரமும் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்று தனித்தனியாக எடை போட்டு, சரியாக வருகிறவரைக்கும் ஸ்பிரிங் வளையத்தைத் திருகணுமாம், இல்லாவிட்டால் பிரேக் அடித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்குமாம். அதற்கு நாலு தராசு வேண்டும். எதிரில் மல்லாட்டை மண்டி (டாக்டர் பாஷையில் வேர்க்கடலை) வைத்திருக்கிற தமிழ்மணியைக் கேட்டோம். அறுவடை வருகிறவரை சும்மாதானே கிடக்கிறது என்று நாலு எலக்ட்ரானிக் தராசையும் ஆள் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான், தங்கமான பிள்ளை. சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாயிற்று. அப்புறம் ஓட்டுகிறவர் எடையும் சீட்டில் இருக்கணுமாம். டாக்டர் எழுபத்திரண்டு கிலோ, அவர் பகல் முழுக்க யார் வாயிலாவது கை வைத்துக்கொண்டிருப்பார், வர முடியாது. உங்கள் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "செல்வி, ஏறிக் குந்து" என்றார்.

ஒன்பது நாள் குந்தினேன் தம்பி. கூரையில்லாத, கதவில்லாத, வெறும் கம்பிக் கூட்டில், பஸ் போகிற ரோட்டைப் பார்த்தபடி. ஒரு மூலையைத் திருகினால் மற்ற மூன்று மூலையிலும் எடை மாறுகிறது, கூட்டுக் குடும்பம் மாதிரி, ஒருத்தர் அசைந்தால் மற்றவர்களுக்குப் பொறுக்காது. நம்பரை நான் கத்த, அவர் கீழே படுத்துத் திருக, இடையில் நான் கீரை ஆய்ந்தேன், ஜெபமாலை சொன்னேன், ஒருநாள் தூங்கியும் போனேன். இட்லிக் கடை முனியம்மாள் தினமும் வந்து, "என்னா செல்வி, காரு வாங்கிட்டியாமே, மூடி எப்ப வரும்" என்று விசாரித்துவிட்டுப் போவாள்.

இந்த இடத்தில் நான் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். தராசு வந்த முதல் நாள், கார் ஏற்றுவதற்கு முன்னால், யாரும் பார்க்காதபோது ஒரு தராசில் ஏறி நின்றேன். அறுபத்தாறு. பெரிய ஆஸ்பத்திரியில் போன வருஷம் எழுபத்திரண்டு இருந்தேன். சாம்பல் புதனிலிருந்து கறி மீன் தொடவில்லை, சர்க்கரை போட்ட டீ இல்லை, தவக்காலம் வேலை செய்திருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, முனியம்மாளிடம் சொன்னேன். முனியம்மாளிடம் சொன்னால் மைக் செட் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தில், "நம் பங்கிலேயே ஒரு சகோதரி தவத்தால் ஆறு கிலோ" என்கிற அளவுக்குப் போயிற்று. உங்கள் அண்ணன் ஒரே வார்த்தை சொன்னார்: "அப்ப டாக்டருக்கு ஆறு கிலோ கொறையுதே." ஆறு கிலோ அரிசிப் பையைத் தூக்கி என் மடியில் வைத்தார். நாலாம் நாள் வேறு ஒரு தராசில் ஏறினேன். எழுபத்தாறு காட்டியது. அந்தத் தராசு கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு பண்ணி இறங்கிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. சாமியார் பிரசங்கத்தையே மாற்றச் சொல்ல முடியுமா, சொல்லுங்கள்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் ஓட்டிப் பார்த்தார்கள். ஓமந்தூர் போகிற வழியில் மனை போட்டு விற்கிறார்களே ஒரு நகர், தார் ரோடு போட்டு நாலு வருஷமாக ஆடு மட்டும்தான் குடியிருக்கிறது, அங்கேதான். டாக்டர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒரு ஓட்டம் ஓட்டினார், கண்ணுக்கு அழகாக இருந்தது. பிரேக் அடித்தார். வண்டி அப்படியே இடது பக்கம் பாய்ந்து பதினாலாம் நம்பர் மனைக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு நின்றது. எங்கிருந்தோ விற்பனைக்காரர் குடையோடு ஓடிவந்து, "சார், பதினாலு புடிக்கலன்னா பதினஞ்சு பாருங்க, கெழக்குப் பாத்த மனை" என்றார். மூன்று தடவை ஓட்டினார்கள், மூன்று தடவையும் இடது பக்கம்தான். டாக்டர் நல்ல மனுஷன், கோபப்படவில்லை. "பரவால்லண்ணே, நான் மெட்ராஸ்ல ஒருத்தர் கிட்ட காட்டிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட உங்கள் அண்ணன் தாங்கியிருப்பார்.

இரண்டு நாள் சாப்பிடவில்லை. புதன்கிழமை காலையில் பட்டறையில் கட்டிங் மெஷின் சத்தம் கேட்டு ஓடினேன். இடது முன் சக்கரத்தின் காலுக்கு மேல் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். "இன்னா பண்றீங்க" என்றேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "தம்பி சொன்னது நெஜம் செல்வி. கண்ணு போயிடுச்சு. இந்தக் கால தாழ்த்தி வச்சிட்டேன் போல. இத வெட்டிட்டு, டாக்டர் கிட்ட ஒரு மன்னிப்பக் கேட்டுட்டு, பட்டறைய மூடிடலாம். டிரெய்லரு கட்டி யாரையாவது கொன்னுட்டன்னா இன்னா பண்றது." ஒரு வருஷம் கழித்து அவர் வாயில் "தம்பி" என்று வந்தது அன்றைக்குத்தான். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற நிலைமையில் நான் இல்லை. தகடு பொறி கக்கிக்கொண்டு குழாயைத் தொடப்போகிறது. மானம் போனால் போகிறது என்று கத்திவிட்டேன்: "நிறுத்துங்க. நான் ஆறு கிலோ கொறையல."

மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நாலு தராசிலும் ஒவ்வொன்றாக ஏறி நின்று நானே நம்பரைப் படித்தேன். அறுபத்தாறு, எழுபத்தாறு, எழுபத்தாறு, அறுபத்தாறு. நாலு தராசில் நான் இரண்டு பொம்பளை. ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டையைத் தூக்கி வைத்தோம், இதிலே நாற்பத்தாறரை, அதிலே ஐம்பத்து மூன்றரை. தமிழ்மணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். "அது வந்துக்கா, இது ரெண்டும் மல்லாட்டை வாங்கற தராசு. அது ரெண்டும் புண்ணாக்கு விக்கற தராசு. ரெண்டையும் கலந்து வைக்கக் கூடாதுக்கா" என்றான். நாங்கள் கலந்து வைத்தது மட்டுமா, வாங்குகிற தராசை முன்னால் இடப்பக்கத்திலும் பின்னால் வலப்பக்கத்திலுமாகக் குறுக்கே வைத்திருக்கிறோம். எடை குறைகிறது குறைகிறது என்று முன்னால் இடது ஸ்பிரிங்கைத்தான் ஒன்பது நாளும் இறுக்கியிருக்கிறோம். அந்தச் சக்கரம் தரையை அதிகமாக அழுத்தித்தான் பிரேக் அடித்ததும் வண்டியை இடது பக்கம் இழுத்திருக்கிறது, காலில் ஒரு குற்றமும் இல்லை.

உங்கள் அண்ணன் சிரித்தார் தம்பி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர. நான் தராசை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன், அவர் தடுத்தார். "ஒண்ண மட்டும் வச்சிட்டுப் போ தமிழ்மணி. பொய் சொல்லட்டும், ஒரே பொய்யா சொல்லட்டும்" என்றார். அந்த ஒரே தராசை நாலு சக்கரத்துக்கும் மாற்றி மாற்றி வைத்து, மற்ற மூன்றுக்கும் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, பெரிய வியாழன் பூசைக்கு மணி அடிக்கிறதற்குள் முடித்துவிட்டோம். அரிசிப் பையை மடியிலிருந்து இறக்கியாயிற்று. (போன வருஷம் முனியம்மாள் வீட்டு மல்லாட்டையை அந்த மண்டியில்தான் போட்டாளாம். விஷயம் தெரிந்ததிலிருந்து அவள் இட்லி சுடுவதை விட்டுவிட்டு மண்டி வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள். தமிழ்மணி பின் பக்கமாக வந்து போகிறான்.)

ஈஸ்டர் திங்கள் அதே நகர், அதே ஆடு, அதே குடைக்காரர். டாக்டர் போன தடவையைவிட வேகமாக வந்தார். பிரேக் அடித்தார், அடித்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். எனக்கு வாயில் மாதா பெயர்கூட வரவில்லை. வண்டி கோடு கிழித்த மாதிரி நேராக வந்து நேராக நின்றது. டயர் தடம் இரண்டும் தண்டவாளம் மாதிரி கிடந்தது. உங்கள் அண்ணன் குனிந்து அதைக் கையால் தடவிக்கொண்டே கொஞ்ச தூரம் போனார். டாக்டர் இறங்கி வந்து, "அண்ணே, எந்தக் கால வெட்டணும்னு இருந்தீங்களோ, அதுதாண்ணே சரியா இருக்குது. மெட்ராஸ்ல கூட இப்படி வராது" என்றார். "என் கிட்ட ஏன் சொல்றீங்க, விழுப்புரத்தான் கிட்ட போயிச் சொல்லுங்க" என்றார் இவர். டாக்டருக்கு விழுப்புரத்தில் எந்த விழுப்புரத்தான் என்று தெரியாது, அதனால்தான் நான் எழுதுகிறேன். எனக்கு ஒரு வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தேன், இரண்டு தடவை சோறு வாங்கினார்.

ஆகையால் கொழுந்தனாரே, கண்ணு போச்சு கண்ணு போச்சு என்று சொன்னவர் நீங்கள், அந்தக் கண் இன்னும் முப்பது வருஷத்துக்குத் தாங்கும். இங்கு உங்களால் ஆக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் வரலாம், வராவிட்டாலும் பரவாயில்லை. டயானாவுக்கு என் அன்பு, பிள்ளைகள் நன்றாகப் படித்து அஞ்சாவதைத் தாண்ட ஆசீர்வாதம். உயிர்த்த ஆண்டவர் உங்கள் வீட்டிலும் வந்து தங்கட்டும், தங்க இடம் இல்லாத அளவுக்குக் கோபத்தை நிரப்பி வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
எழுபத்தொரு கிலோ எடையுள்ள அண்ணி,
அ. இருதயசெல்வி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை ஆகிவிட்டது. நேற்று டாக்டர் ஸ்வீட் பெட்டி கொண்டுவந்து நீட்டினார், உங்கள் அண்ணன் ஒரு முழம் தள்ளிக் காற்றில் கை நீட்டினார். டாக்டர் பல் பார்க்கிற டார்ச்சைக் கண்ணில் அடித்துப் பார்த்துவிட்டு, தன் காரிலேயே எங்களை விழுப்புரத்தில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். (உங்கள் தெரு வழியாகத்தான் போனோம், இறங்கவில்லை, மன்னிக்கவும்.) இரண்டு கண்ணிலும் புரையாம். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம், ஒன்றரை வருஷமாகவே அப்படித்தான் இருக்கும் என்கிறார். வேறு ஒன்றும் இல்லை, ஆபரேஷன் பண்ணினால் நன்றாகத் தெரியும் என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "இத வச்சிக்கினு எப்பிடிப்பா மட்டம் பாத்த" என்று கண் டாக்டர் கேட்டதற்கு, "வெரலாலதான்" என்று சாவகாசமாகச் சொல்கிறார், என்னிடம்கூட இத்தனை நாள் சொல்லாத மனுஷன். ஆகவே மேலே எழுதியதில் நீங்கள் பொய் சொன்னதாக வருகிற இடங்களை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். செவ்வாய்க்கிழமை முதல் கண். ஒரு மாசம் வெல்டிங் வெளிச்சமே படக்கூடாதாம். டாக்டரின் சிநேகிதர் ஒருத்தர் இதே மாதிரி இன்னொரு சேஸிஸ் கேட்டு, குழாயைக்கூட இறக்கிவிட்டுப் போய்விட்டார். அவர் உங்களைக் கூப்பிட மாட்டார், நான் கூப்பிட்டேன் என்றும் சொல்லிவிடாதீர்கள். மெட்ராஸ் போகிற வழியில் சும்மா இறங்கினதாகச் சொல்லிக்கொண்டு ஜல்தியாக வாருங்கள். வெல்டிங் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டே வரலாம், செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிட்டால் அவருக்குத் தெரியாது.