பத்து வீசை டம்பெல்

தராசில் ஏற்றாத எதையும் நம்பாத மனுஷர் திருத்தணியிலேயே ஒருத்தர்தான். புளி மண்டியில் எடை போடுகிறவர். வீசைக்காரர் என்போம். பிள்ளை பிறந்தது என்றால் ஆணா பெண்ணா கேட்கமாட்டார். எத்தனை வீசை என்பார். நான் அங்கே மூட்டை தூக்கினேன். அவரை அத்தான் முறை வைத்துத் தெலுங்கில் பாவா என்று கூப்பிடுவேன்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்த காலம். சித்தூரில் போலீசுக்கு ஆள் எடுத்தபோது, மார்பு ஓர் அங்குலம் குறைவு என்று அவரைத் திருப்பிவிட்டார்கள். அடுத்து ஆள் எடுப்பது மூன்று மாசத்தில். அதையும் விட்டால் வயசு தாண்டிவிடும்.

ஒரு பழைய பத்திரிகைப் படத்தைக் காட்டினார். மீசைக்காரன் ஒருவன் இரண்டு கையிலும் டம்பெல் பிடித்திருந்தான். குண்டில் 10 என்று இருந்தது.

"இத தூக்கினா மார்பு விரியும். பட்ணம் போயி வாங்கணும். வா."

"தூக்கினு போயி எங்க எறக்கணும் பாவா?"

"எங்கயும் எறக்க வாணாம். சும்மா தூக்கிகினே இருக்கணும்."

"அதுக்குக் கூலி யாரு குடுப்பாங்க?"

"வாய மூடுடா."

தராசும் பத்து வீசை எடைக்கல்லும் என் தலையில். ரயில் ஏறினோம். பட்டணத்தில் பழைய சாமான் கடை. 10 போட்ட டம்பெல்லை ஒரு தட்டில் வைத்தார். எதிர்த்தட்டில் பத்து வீசைக் கல். டம்பெல் மேலே போய் நின்றது.

"இன்னாய்யா, எடை ஒதைக்குது."

"அது ராத்தலுங்க. ஒரு வீசைக்கு மூணு ராத்தல். புதுசா தூக்குறவங்களுக்கு இதான் நல்லது."

"எங்க ஊர்ல பத்துன்னா பத்து வீசை."

"கை போயிடுங்க."

"என் கைதானே."

ஆறு கடை ஏறினோம். ஆறிலும் தராசு தொங்கியது. கடைசியில் 30 போட்ட ஒரு ஜோடி. ஒன்றை வைத்ததும் தட்டு ஏறக்குறையச் சமமாக நின்றது. குறைகிறதுக்குத் துணி சுற்றிக்கொள்கிறேன் என்று வாங்கிவிட்டார்.

திரும்பும்போது என்னைத் தொடவிடவில்லை. "நீ தூக்கினா மார்பு உனக்கு வளந்துடும்." ஸ்டேஷனிலிருந்து வீடு கால் மணி நடை. அன்று போய்ச் சேரப் பொழுது சாய்ந்தது.

முதல் வாரம் டம்பெல் தரையை விட்டு எழவில்லை. "இன்னா வீசைக்காரரே, குண்டு அடைகாக்குதா?" என்று மண்டியில் கேட்பார்கள். இரண்டாம் மாசம் முழங்கால் வரை வந்தது. மூன்றாம் மாசம் தோளுக்கு ஏறியது. ஒரு கையில்தான். மறுகைக்கு இன்னும் நாலு நாள்.

சித்தூருக்கு நானும் போனேன். அளக்கிறவர் நாடாவை இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"ஆங், சரியா இருக்குது. உள்ள போ."

வீசைக்காரர் நகரவில்லை. "நாடா சரியான நாடாதானுங்களா?"

நான்தான் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினேன்.

மண்டியில் அவர் இடத்தில் புது ஆள் வந்து உட்கார்ந்தான். சரியாகத்தான் எடை போட்டான். ஒரு மாசம் நான் அவனோடு பேசவில்லை.