விசா அண்ணன்

உலகத்தில் விசா வாங்கியவர்கள் இருக்கிறார்கள், வாங்காதவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, இரண்டு பேரையும் தூங்கவிடாமல் செய்வதற்கென்றே மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அதற்குப் பெயர் விசா அண்ணன்.

நீங்கள் வெளிநாட்டில் படிக்கப் போனவரென்றால் அவரைத் தேடி அலைய வேண்டாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போதே எதிரே வருவார். பெட்டிக்குக் கை கொடுக்க மாட்டார். "எந்த விசா?" என்பார். உங்கள் பேர் என்ன, பயணம் எப்படி, சாப்பிட்டீர்களா என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். மாணவர் விசா என்று நீங்கள் சொன்னதும், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் டாக்டரைப் போல உங்கள் முகத்தைப் பார்த்து, நாக்கால் 'ச்சு' கொட்டி, "சரி, வந்தது வந்துட்டீங்க, பார்த்துக்கலாம்" என்பார். அதுவரை கல்லுப்போல் இருந்த நீங்கள் அந்த நிமிஷமே பெட்டியைப் படியில் வைத்துவிட்டுப் பாஸ்போர்ட்டைத் தேடுவீர்கள்.

அவர் வக்கீலா? இல்லை. குடியேற்ற அலுவலகத்தில் வேலையா? அந்த அலுவலகத்தின் வாசலைத் தாண்டியதே இல்லை. பின் எப்படி இவ்வளவு தெரியும்? ஒரு படிப்பு, அது முடிந்து வேலை தேட ஒரு விசா, அதுவும் முடியப்போக இன்னொரு படிப்பு, அதற்கொரு விசா, பிறகு ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை, அதற்கும் ஒரு விசா என்று, கிளைக்குக் கிளை தாவுவதைப்போல் விசாவுக்கு விசா தாவியே தலை நரைத்தவர் அவர். முதலில் எதைப் படிக்க வந்தார் என்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

விதிமுறை என்ன சொல்கிறது என்று அவர் ஒருநாளும் சொல்ல மாட்டார். விதிமுறை எதற்கு? அவரிடம்தான் 'ஒரு பையன்' இருக்கிறானே! "ஒரு பையன் இப்படித்தான் ஞாயித்துக்கிழமை விண்ணப்பம் போட்டான்..." என்று ஆரம்பித்து, பெருமூச்சு விட்டு, அப்படியே நிறுத்திவிடுவார். அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று? தெரியாது. ஊருக்கு அனுப்பினார்களா, உள்ளே பிடித்துப் போட்டார்களா, உயிரோடாவது இருக்கிறானா? அதையெல்லாம் உங்கள் கற்பனைக்கு விட்டுவிட்டு அண்ணன் டீக்குச் சர்க்கரை போட்டுக் கலக்குவார்.

இப்படிப்பட்ட அண்ணனும் ஒரு மாணவர் கூட்டமும் சேர்ந்து குடியிருந்த வீட்டில்தான் மைக்ரோ மாட்டிக்கொண்டாள். மைக்ரோபயாலஜி என்கிற கிருமியியல் படித்ததால் கூட இருந்தவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. நல்ல மதிப்பெண்ணோடு தேறி, ஊருக்கு வெளியே இருந்த பால் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலையும் பேசி முடித்துவிட்டாள். பாக்கி ஒன்றே ஒன்று. படித்து முடித்தவர்கள் தங்கி வேலை பார்ப்பதற்கென்று தருகிறார்களே, அந்த விசாவுக்கு, மாணவர் விசா காலாவதியாவதற்குள் விண்ணப்பம் போட வேண்டும். அவ்வளவுதான். போட்டால் வேலை. விட்டால் விமானம்.

சமையலறைக்குள் பல்லைத் துலக்கிக்கொண்டே வந்து, "இன்னிக்கு விசாவுக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அதோடு முடிந்தது அவள் நிம்மதி.

"உக்காரும்மா" என்றார் அண்ணன். மேசைமேல் இருந்த உப்பு டப்பாவை எடுத்து முன்னால் வைத்தார். "இது நீ."

மைக்ரோ தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மூடி உடைந்திருந்தது.

"இந்த மிளகுப் பொடி, வேலை விசா. அந்தா இருக்கே சர்க்கரை டப்பா, அது நிரந்தரமா தங்கறது. நடுவுல இருக்கற இந்தக் கரண்டிதான் அதிகாரி. நீ நேரா மிளகுப் பொடிக்குப் போறேங்கற. நான் வேண்டாங்கறேன். சுத்திக்கிட்டுப் போ. இன்னொரு சின்னப் படிப்பு சேரு. இல்லைன்னா ரொட்டி சுடக் கத்துக்கிட்டு ஆள் இல்லாத ஊராப் பார்த்துப் போயிடு, அங்க போறவங்களுக்கு விசாவுல மார்க் அதிகம். அதுவும் இல்லைன்னா ஏற்கெனவே விசா இருக்கற பையனாப் பார்த்து..."

"அண்ணா, எனக்குத்தான் வேலை கிடைச்சிருச்சே!"

"அதான் பிரச்சினையே! எல்லாம் சரியா இருந்தா அவங்களுக்குச் சந்தேகம் வரும்."

இதற்குள் அடுப்படியில் நின்ற பக்கத்து அறை மீசைக்காரர், தன் முட்டைக்காக உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மைக்ரோவின் எதிர்காலம் மேசையிலிருந்து மறைந்தது. அண்ணன் அசரவில்லை. ஒரு வெங்காயத்தை எடுத்து அவள் இடத்தில் வைத்துத் தொடர்ந்தார். முடிவாக அவர் சொன்னது இதுதான்: "அவசரம் காட்டாத. ரிசல்ட் வந்த கையோட போட்டா, இவளுக்கு ஊர்ல என்னவோ சிக்கல் போலன்னு நினைப்பாங்க. கொஞ்சம் ஊறப் போடு. அப்புறம் அந்த போட்டோ. சிரிக்கக் கூடாது, அழுமூஞ்சியாவும் இருக்கக் கூடாது. கொடுத்தாலும் சந்தோஷம், கொடுக்காட்டியும் கோபமில்லைங்கற மாதிரி ஒரு முகம் வேணும்."

நீங்களாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். அப்படித்தான் நினைக்கிறீர்கள். மைக்ரோவும் கிருமியை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாலொழிய நம்பாதவள்தான். ஆனால் விசா என்று வந்துவிட்டால் படித்தவள், படிக்காதவள் என்ற பேதமெல்லாம் இல்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, கொடுத்தாலும் சந்தோஷம், கொடுக்காவிட்டாலும் கோபமில்லை என்ற முகத்தை வரவழைக்க நாள்கணக்கில் பாடுபட்டாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். ஒவ்வொரு முறையும் பல்வலிக்காரியின் முகம்தான் வந்தது. விண்ணப்பமோ ஊறிக்கொண்டே இருந்தது.

ஒரு சாயங்காலம் மாமாவிடமிருந்து போன் வந்தது. அம்மாவின் தம்பி, எப்போதும் கத்திப் பேசுகிறவர், அன்று சாவு வீட்டில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"ரிஜெக்ட் ஆயிடுச்சாமே கண்ணு?"

"எது மாமா?"

"மறைக்காத. ஊரே பேசுது. போட்டோவுல சிரிச்சிட்டியாமே."

"ஐயோ மாமா, நான் இன்னும் போடவே இல்ல!"

"போடாமயேவா ரிஜெக்ட் பண்ணிட்டாங்க? அவ்வளவு கண்டிப்பா?" மாமா நிஜமாகவே அதிர்ந்துபோனார். "சரி விடு. உங்க அம்மா மாடி ரூமை ஒழிச்சு, மெத்தையெல்லாம் வெயில்ல போட்டுட்டா. எப்ப வர்ற?"

அந்த போனை வைப்பதற்குள் அடுத்தது. பால் தொழிற்சாலைப் பரிசோதனைக்கூடத்தின் தலைமை அதிகாரி. செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது. ரொம்ப வருத்தம் என்றார். இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம் என்றார். மைக்ரோ, இல்லை, அது பொய், இன்றைக்கே போட்டுவிடுகிறேன் என்று கெஞ்ச, போட்டதற்கான ரசீதை நாளைக் காலையில் காட்டினால் சரி, இல்லையென்றால் மன்னிக்க வேண்டும் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

யார் கிளப்பிய செய்தி? நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். மைக்ரோ சமையலறைக்கு ஓடினாள். அங்கே அண்ணன் புதிதாக வந்திறங்கிய கும்பல் ஒன்றுக்கு வெங்காயத்தை வைத்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். "ஒரு பொண்ணு, பால் கம்பெனியில வேலையே கிடைச்சிருச்சு, போட்டோவுல லேசாத்தான் சிரிச்சா..."

"அண்ணா! அந்தப் பொண்ணு நான்தானே?"

அண்ணன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "ஒரு உதாரணத்துக்குச் சொன்னேம்மா. பையன் கதையே சொல்லிச் சொல்லிப் புளிச்சுப் போச்சு. தெரிஞ்ச ஆளா இருந்தாத்தானே பயம் வரும்?" பிறகு ஏதோ உறைத்தவராக நிமிர்ந்தார். "ஆமா, நீ போட்டுட்டல்ல?"

"நீங்கதானே அவசரம் காட்டாதன்னீங்க!"

"அதுக்காக? நாள் முடியப்போவுதேம்மா! இவ்வளவு அசட்டையாவா இருப்பாங்க?"

மைக்ரோ விருட்டென்று வெளியே வந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. போனிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிட ஓர் இடம் தேடினாள். கூடத்தில் யோசனை சொல்ல ஒருவர் இருந்தார், படியில் ஒருவர் இருந்தார், அவள் அறையிலேயே கட்டிலில் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல ஒருத்தி காத்திருந்தாள். ஆளில்லாத ஒரே இடம் கீழே துணி துவைக்கும் அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின்மேல் ஏறி உட்கார்ந்தாள். சுவரோரம் முகத்தை நிறுத்திப் படம் எடுத்தாள். என்ன முகம் வந்ததென்று பார்க்கக்கூட இல்லை. மெஷின் அவளை உலுக்க, போன் கையில் ஆட, அழுதுகொண்டே கேட்டதற்கெல்லாம் பதில் எழுதி அனுப்பினாள். மெஷின் துணியைப் பிழிந்து முடிப்பதற்குள் ரசீது வந்துவிட்டது. விஷயம் அவ்வளவுதான். அன்றைக்கும் அவ்வளவுதான், முதல் நாளே போட்டிருந்தாலும் அவ்வளவுதான்.

ரசீதைப் பார்த்த பரிசோதனைக்கூடம் இடத்தை நிறுத்தி வைத்தது. சில வாரங்களில் விசாவும் வந்தது. ஊரில் மெத்தை மறுபடி உள்ளே போனது.

அண்ணன் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? "நான்தான் சொன்னேனே, சரியான நேரத்துல போடுன்னு" என்று அவளுக்குக் கை கொடுத்தவர், அன்று மாலையே சமையலறையில் ஆரம்பித்தார்: "ஒரு பொண்ணு, வாஷிங் மெஷின் மேல உக்காந்து போட்டா. உடனே கிடைச்சிருச்சு." மறுநாள் துணி துவைக்கும் அறை வாசலில் நீண்ட வரிசை. எவர் கையிலும் அழுக்குத் துணி இல்லை. துவைக்க வந்த மீசைக்காரரைப் பார்த்து, "நாங்க முன்னாடியே வந்துட்டோம் சார்" என்று எல்லோரும் சண்டைக்குப் போனார்கள்.

சத்தம் கேட்டு இறங்கி வந்த மைக்ரோவை ஒருத்தி பிடித்துக்கொண்டாள். "அக்கா, நிஜமாவே இதுல உக்காந்தா கிடைக்குமா?"

"பைத்தியமா உங்களுக்கெல்லாம்? எங்க உக்காந்து போட்டா என்ன? நாள் தவறாம போட்டாப் போதும்."

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள். மைக்ரோ இரண்டு படி ஏறினாள். நின்றாள். ஒரு படி இறங்கினாள்.

"ஏம்மா... நான் போடும்போது அது ஓடிக்கிட்டு இருந்துச்சு. சும்மா சொல்லி வைக்கிறேன்."

வாசகரே, நீங்கள் சிரிப்பது நல்லதுதான். நீங்கள் அந்த இனத்தில் சேர்த்தி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது எங்கேயோ ஓரிடத்தில், அந்த மெஷினுக்குக் கதவு மேலேயா, முன்பக்கமா என்று ஒரு சின்ன சந்தேகம் உங்களுக்கு எட்டிப் பார்த்ததே, அதை மட்டும் தயவுசெய்து யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். மேலே திறக்கிற மெஷின்தான் விசேஷம் என்று நாளைக்கே நாலு பேர் கிளம்பிவிடுவார்கள்.