மனசு விட்டுப் பேசச் சொல்பவர்

மனசு விட்டுப் பேசச் சொல்பவர் என்று மனிதரில் ஒரு வகை உண்டு. எங்கள் நெய்வேலிச் சுரங்க நகரியத்தில் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் வட்டம் என்று பெயர்; வட்டத்துக்கு இருவராவது தேறுவார்கள். ஒரு பையன் தப்புத்தண்டாவில் மாட்டினான் என்று காதில் விழுந்தால் போதும். ஷிப்ட் முடிந்து, குளித்து, விபூதி பூசி, தலையைப் படிய வாரிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவரைப் போலப் புறப்பட்டுவிடுவார். பையனின் தோளில் கையைப் போடுவார். "என்னை உன் ஃப்ரெண்டா நெனச்சுக்கோ தம்பி, மனசு விட்டுப் பேசு" என்பார். பையன் வாயைத் திறப்பதற்குள் இவர் திறந்துவிடுவார். மூடவைக்கச் சுரங்கத்துச் சங்குதான் ஊத வேண்டும்.

என்ன பேசுவார்? தன் இளமையைத்தான். தெருவிளக்கில் படிக்காத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அந்த நாளில் வீட்டில் விளக்கு ஏற்றினால் அபராதமா என்ன?

பதினாறு வயதுக் கலியனைக் கேளுங்கள். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரரின் ஸ்கூட்டரைச் சொல்லாமல் எடுத்துப் போய்க் குள்ளஞ்சாவடியில் போலீஸிடம் சிக்கினான். கோர்ட்டில் அவனைத் தாயோடு அனுப்பிவைத்தார்கள்; நன்னடத்தை அதிகாரி அவ்வப்போது வந்து பார்ப்பார். முதல் தடவை அவர் எதைக் கேட்டாலும் பையன் தரையையே பார்த்தான். அடுத்த தடவையும் வாய் திறக்காவிட்டால் சீர்திருத்தப் பள்ளிக்கு எழுதும்படி ஆகிவிடும் என்று சொல்லிப் போனார்.

அவ்வளவுதான். பையனைப் பேசவைக்க மூன்று ஷிப்டிலும் ஆள் வந்தது. நைட் ஷிப்ட் முடித்தவர் பல் விளக்குகிறவனைப் பிடிப்பார். அவர் எழுந்தால் அடுத்தவர். கடைசியில் அவன் பெற்ற தாயிடமும் பேசவில்லை. அவள், செங்கமலம், அவனை என்னிடம் இழுத்து வந்தாள். "அக்கா, வாயில புண்ணு கிண்ணு இருக்குதான்னு பாருங்க" என்றாள். ஆஸ்பத்திரியில் ஆயிரம் வாய் பார்த்தவள் நான், பார்த்தேன். வாய் சுத்தம். காதுக்குத்தான் ஓய்வு தேவைப்பட்டது.

அதிகாரி வருகிற நாளன்று செங்கமலம் என்னையும் துணைக்குத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். ஃபோர்மேன் கோபாலகிருஷ்ணன் அதிகாரிக்கு முந்திக்கொண்டு வந்துவிட்டார். ஒழுக்கத்தில் ஆரம்பித்தார், தியாகத்துக்குப் போனார், அப்பா பிள்ளை பாசம் என்கிற வளைவில் திரும்பும்போது குரல் கம்மியது. "எம் பையன் எங்கிட்டப் பேசி வருஷமாகுதுப்பா" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கேவ ஆரம்பித்துவிட்டார். செங்கமலம் விழித்தாள். நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

கலியன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான்.

"அழுவாதீங்க சார். நீங்க பேசிக்கினே இருந்தா ஒங்க பையன் எப்பப் பேசுவாரு? போயி பக்கத்துல சும்மா ஒக்காருங்க."

வாசலில் அதிகாரி நின்றிருந்தார். உள்ளே அழுகிற ஆளையும், ஆறுதல் சொல்கிற ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல நான் யாரைப் பார்க்க வந்தேன்?" என்று கேட்டார்.

"என்னத்தாங்க" என்றான் கலியன்.

ஏன் ஸ்கூட்டரை எடுத்தாய் என்று கேட்டுவிட்டு, அதிகாரி காத்திருந்தார். நானறிய, அந்த வீட்டில் ஒரு கேள்விக்குப் பிறகு யாரும் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"ஓட்டணும்னு ஆசையா இருந்துச்சுங்க. திரும்பக் கொண்டாந்து வுட்டிருப்பேன், பெட்ரோல் தீந்துபூடுச்சு. அவருகிட்ட மன்னிப்புக் கேக்கணும். எப்படிக் கேக்கறதுன்னு தெரியலீங்க."

பையன் வீட்டிலேயே இருக்கலாம் என்று அதிகாரி முடிவு செய்தார்.

இவ்வளவும் படித்த உங்களுக்கு, கலியனை ஒருமுறை நேரில் பார்த்து நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாமே என்று தோன்றுகிறதா? தோன்றும். அதனால்தான் அவன் எந்த வட்டம், எந்தத் தெரு என்று நான் எழுதவில்லை.