தூங்கவைத்த செயற்கைக்கோள்

பயிற்சித் திரை என்று நினைத்து, புதுப் பொறியாளன் நிஜத் திரையில் பட்டனைத் தட்டிவிட்டான். உச்சி வானத்துக் காற்று எப்படி வீங்குகிறது, சூரியன் என்னென்ன துகள்களை வாரி இறைக்கிறது என்று இரவு பகலாக வேவு பார்த்துக்கொண்டிருந்த செயற்கைக்கோள், சமர்த்தாகக் கருவிகளை அணைத்துவிட்டுத் தூங்கிப்போனது.

அவனுக்கு அடுத்த வாரம்தான் வேலை நிரந்தரமாகிறது. அதை நம்பித்தான் பெண் வீட்டார் கல்யாணத்துக்கே தலையாட்டியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் உள்ளே நுழைந்தார்.

"என்னப்பா, திரை கறுப்பா இருக்கு?"

"சூரியப் புயல் சார்! கருவி கருகிடக் கூடாதேன்னு நான்தான் தூங்க வெச்சேன்."

வாயில் வந்ததை உளறிவிட்டான். இயக்குநர் அவனைக் கட்டிப்பிடிக்காத குறை.

"சபாஷ்! உடனே எல்லாரையும் எச்சரிக்கணும்!"

"சின்னப் புயல்தான் சார்..."

"சின்னதுக்கா தூங்க வெச்சே?"

"பெரிசுதான் சார்."

எச்சரிக்கை பறந்தது. விமானங்கள் வழி மாறின. மின்சார அலுவலகம் பதறியது. நிருபர்கள் வாசலில் மொய்த்தார்கள். சன்னலுக்கு வெளியே சூரியன் தன்பாட்டுக்கு யார் வீட்டுத் துணியையோ காயவைத்துக்கொண்டிருந்தது.

"மத்த செயற்கைக்கோள் மையங்கள் என்ன சொல்றாங்க? ஸ்பீக்கர்ல போடு."

தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டே எண்களை அழுத்தினான்.

"ஆமாமா, பயங்கரப் புயல்!" என்றது முதல் மையம்.

"நாங்களும் தூங்க வெச்சுட்டோம்!" என்றது அடுத்தது.

பொறியாளன் தன்னைத்தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டான். தான் விட்ட புளுகு தனக்குத் தெரியாமல் நிஜமாகிவிட்டதா என்ன?

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. "நிருபர்கள்கிட்ட நீயே பேசு. புயல் எவ்வளவு பலம்னு வரைபடத்தோட வா," என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடினார்.

வரைபடத்துக்கு எங்கே போவது? தூங்குகிற செயற்கைக்கோள் எதைப் பார்த்திருக்கும்? வேலையும் போய்க் கல்யாணமும் போகப்போகிறது என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கடைசியாகப் பேசிய மையத்தையே மறுபடி பிடித்தான்.

"மேடம், தூங்க வைக்கறதுக்கு முன்னாடி நீங்க அளந்தது இருக்குமே, கொஞ்சம் அனுப்ப முடியுமா?"

மறுமுனையில் இருந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"அளந்ததா? ஏன் தம்பி, எங்க ஆளு காலையில தப்பான பட்டனைத் தட்டித் தொலைச்சுட்டு, மேலிடத்துக்கு என்ன சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தப்பதானே தெய்வமா உங்க புயல் வந்துச்சு!"