பன்னிரண்டாம் நம்பரும் புல்லண்ணையும்

லண்டனில் மழையைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்ட ஒரே தமிழர் புல்லண்ணைதான். நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்குள் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருப்போம். அவர் வாசலில் நின்று, "பெய்யட்டும், இன்னும் ரெண்டு நாள் பெய்யட்டும்" என்பார். அவர் தோய்த்துப் போட்ட சட்டைகள் பின்வளவுக் கொடியில் நனைந்துகொண்டிருக்கும்.

கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டில் நானும் அவரும் ஆளுக்கோர் அறை எடுத்து இருந்தோம். டென்மார்க்கில் பல வருடம் மாட்டுப் பண்ணையில் நின்றவர். சொந்தக்காரர் கூப்பிட்டார்கள் என்று லண்டனுக்கு வந்து, ஒரு மாதம் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்து பார்த்தார். மூச்சு முட்டிவிட்டது. நகரத்தின் தெற்கு விளிம்பில், பஸ் ஓட்டம் முடிகிற இடத்துக்கும் அப்பால், ஒரு பண்ணையைத் தேடிப் பிடித்துச் சேர்ந்துவிட்டார். அது இறைச்சி மாட்டுப் பண்ணை. இவரோ முட்டைகூடத் தொடாத சைவம். சனம் சிரித்தது, புல்லண்ணை என்று பட்டமும் வைத்தது.

அவர் பொறுப்பில் பதினெட்டு நாகுகள். இன்னும் கன்று போடாத இளம் பசுவை நாங்கள் நாகு என்போம். கோடையில் ஒருநாள் எல்லாவற்றையும் தராசில் ஏற்றுவார்கள். முந்நூற்றெழுபது கிலோ இருந்தால் அந்த நாகு தாய் மந்தைக்குப் போகும். கன்று போட்டுக்கொண்டு பல வருடம் இருக்கும். குறைந்தால் இறைச்சிக்குத்தான்.

"நாம்பனுகளை என்னால காப்பாத்த ஏலாது. இந்தப் பதினெட்டும் என்ரை கையில இருக்கு" என்பார். நாம்பன் என்றால் இளங்காளை; அவை எல்லாம் இறைச்சிக்குத்தான்.

அதற்காக அள்ளிக் கொட்டவும் முடியாது. கொழுத்த நாகு லேசில் சினைப்படாது, பட்டாலும் கன்று ஈனக் கஷ்டப்படும். மெலியவும் விடாமல் கொழுக்கவும் விடாமல் வளர்க்க வேண்டும். இதை யோசித்து யோசித்தே மனிதருக்குத் தலை நரைத்தது.

அவருடைய இடது பூட்ஸில் சிவப்பு நெயில் பொலிஷால் இரண்டு கோடுகள் போட்டிருந்தார். மேல்கோடுவரை புல் வளர்ந்தால் மாட்டை விடலாம். கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் மின்கம்பி வேலியைப் பிடுங்கி மாடுகளை அடுத்த புல்துண்டுக்கு மாற்ற வேண்டும். பண்ணையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. லூயிஷாம் கோயிலுக்குப் போகும்போதும் அதே பூட்ஸ்தான். வழியில் ஒரு பார்க்கில், பாய் விரித்துச் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தை எழுப்பிவிட்டு, பூட்ஸை ஊன்றிப் புல்லை அளந்தார். "இந்தத் துண்டைப் பத்து நாளைக்கு ஆறவிட வேணும்" என்று அவர் என்னிடம் சொன்ன தோரணையைப் பார்த்து, கவுன்சில் அதிகாரி என்று நினைத்து அவர்கள் பாயைச் சுருட்டிவிட்டார்கள்.

கலியாண வீடுகளில் இன்னும் மோசம். மாட்டின் விலாவை அமத்திப் பார்த்து ஐந்துக்கு இத்தனை என்று சதைப்பிடிப்புக்குப் புள்ளி போடுவது அவர்கள் தொழிலில் வழக்கம். மூன்று என்றால் நல்ல பதம். புல்லண்ணை மாப்பிள்ளைக்குக் கைகொடுக்கும் சாட்டில் விலாவை ஒரு அமத்து அமத்துவார். "மாப்பிள்ளை மூண்டு. குறை சொல்ல ஏலாது." பக்கத்தில் நின்ற மாமனாரையும் விடவில்லை. "அண்ணை, நீங்கள் நாலரை. தீனியைக் குறையுங்கோ."

நான் பிட்டைக் குழைத்து வாயில் வைக்கிற நேரம் பார்த்துச் சாணிப் படங்களைப் போனில் நீட்டுவார். "இது இளம் புல்லுச் சாணி, தண்ணியா இருக்கு. இது முத்தல் புல்லு, கட்டியா இருக்கு. இதைப் பாரும், என்ன வடிவு!"

நாகுகளுக்கு அவர் பெயர் வைக்கவில்லை. காதில் நம்பர் மட்டும். ஆனால் பன்னிரண்டாம் நம்பரைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கும். பிந்திப் பிறந்தது, மற்றவை இடித்துத் தள்ளினால் ஒதுங்கி நிற்கிற சாது.

நிறுவைக்கு இன்னும் ஏழு நாள், ஒரு கிழமை, இருக்கும்போது புல்லண்ணைக்குக் கடும் காய்ச்சல் வந்தது. பண்ணை முதலாளி அம்மாவிடம் சொல்லி, மூன்று நாளைக்கு என்னை அனுப்பினார்.

"கம்பியை இருபது அடி தள்ளும். தண்ணி இருக்கோ எண்டு பாரும். வேற ஒண்டும் செய்ய வேண்டாம்."

"ஓம் அண்ணை."

நான் செய்தேன். பன்னிரண்டாம் நம்பர் ஒட்டின வயிற்றோடு தனியே நிற்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. பசுவுக்குக் கொடுத்தால் புண்ணியம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். மறுநாள் கோயில் சர்க்கரைப் பொங்கலில் ஒரு வாளி கொண்டுபோய் வைத்தேன். ஆசை ஆசையாகத் தின்றது. எனக்குக் கண் கலங்கியது.

அடுத்த நாள் காலை அது இடது வயிறு ஊதி, தலை தொங்கி நின்றது. நான் போனில் சொல்ல, புல்லண்ணை காய்ச்சலோடு கம்பளியைப் போர்த்துக்கொண்டு வந்தார். மாட்டைத் தடவினார். குனிந்து சாணியைக் குச்சியால் கிளறினார். குச்சி நுனியில், பொங்கலில் போட்ட ஒரு முந்திரிகை வற்றல் வந்தது.

அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குச்சியை எறிந்துவிட்டு மாட்டின் வயிற்றைத் தேய்க்கத் தொடங்கினார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சமையலறைச் சாப்பாட்டைப் பண்ணை மாட்டுக்குக் கொடுப்பது இந்த நாட்டில் குற்றம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். முதலாளி அம்மாவும் மிருக வைத்தியரும் வந்தபோது, "பொங்கல் சாப்பிட்டிருக்கு. என்ரை பொறுப்பு, என்ரை பிழை" என்று புல்லண்ணை தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். என் பெயர் வரவில்லை. அந்த அம்மா அவரைக் கடுமையாக எச்சரித்தார்.

நிறுவை நாளில் பதினேழும் தேறின. பன்னிரண்டாம் நம்பருக்குப் பதினொரு கிலோ குறைவு. புல்லண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவரிடம் கெஞ்சினார். மூன்று கிழமை தவணை கிடைத்தது.

முதலில் உலர்ந்த புல் மட்டும் கொடுத்து வயிற்றை ஆற்றினார். பிறகு, இடிக்காத இரண்டு தோழிகளோடு அதைத் தனித் துண்டில் விட்டு, காலையும் பின்னேரமும் கம்பியை மாற்றிப் புதுப்புல் காட்டினார். நான் லீவு நாளெல்லாம் கம்பி மாற்றப் போனேன். கேற்றில் என் பொக்கற்றைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார். ஒருநாள் ஒரு டொபி அகப்பட்டது. பறித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

மூன்று கிழமை கழித்துத் தராசில் ஏற்றினோம். முந்நூற்று எழுபத்துமூன்று! முதலாளி அம்மா சிரித்துக்கொண்டு அதன் முதுகில் பச்சைக் கோடு இழுத்தார். மாடு ஒன்றும் நடக்காதது போலத் தாய் மந்தைப் பக்கம் நடந்து போனது.

புல்லண்ணை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் வந்தார். ஏச்சு வாங்கிக் கட்டப்போகிறேன் என்று நினைத்தேன். கையை நீட்டி என் விலாவை அமத்தினார்.

"ரெண்டுதான் இருக்கு. மூண்டு கிழமையா நீர் ஒழுங்காச் சாப்பிடேல்லை, என்ன?"

உண்மைதான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"வாரும், பிட்டு அவிக்கிறன்."

இப்போது அவர் பண்ணைக்குள்ளேயே சிறிய வீடொன்றில் இருக்கிறார். போனால் கை முதலில் என் விலாவுக்குத்தான் வரும். இந்தப் பெரிய நகரத்தில் நான் மெலிந்துவிட்டேனா என்று தொட்டுப் பார்க்க எனக்கு அவர் ஒருவர்தான் இருக்கிறார்.