பார்த்தவரைப் பார்த்தவர்

அன்பும் மரியாதையும் கலந்த அத்தைக்கு,

நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல், எனக்குப் பாதகமானதையும் மறைக்காமல் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீங்கள் முதல் வாக்கியத்திலேயே கத்தத் தொடங்கிவிடுவீர்கள். கடிதம் என்றால் கடைசிவரை படித்த பிறகுதான் கத்த முடியும். இங்கு நாங்கள் அனைவரும் நலம், அப்பாவின் வலது தோளையும் என் மனசாட்சியையும் தவிர. தங்கள் நலத்தையும் மாமாவின் நலத்தையும் விரிவாக விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். இடம் போதாது.

நாளை மறுநாள் அப்பாவுக்கு டிப்போவில் உடல்தகுதிச் சோதனை என்பது உங்களுக்குத் தெரியும். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினால் மறுபடி பஸ் ஓட்டலாம். முடியாவிட்டால் இனி எப்போதும் சாவி அறைதான். அங்கே உட்கார்ந்து மற்ற டிரைவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் முதல் வண்டி ஓட்டியவர் இப்போது பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வண்டி ஏழு பத்துக்குத் தெருமுனையில் திரும்பும்போது, "கியரைப் போட்டுக் கொல்றான் பாரு" என்று கண்ணை மூடிக்கொள்கிறார். வண்டி போய்விட்டது என்று நான் சொன்ன பிறகுதான் திறப்பார்.

இறுகிப்போன தோளுக்குத் தினப்பழக்கம்தான் மருந்து, நாற்பது நாள் ஒரு நாள்கூட விடாமல் சுவரைப் பார்த்து நின்று விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே ஏற்ற வேண்டும், "தனியா விட்டா என் தம்பி செய்யமாட்டான், கேள்வி கேக்க ஒரு ஆள் வேணும்" என்று சொல்லி, முப்பது கட்டில் உள்ள வார்டையே ஒரு விரலசைவில் நடத்துகிற நீங்கள், உங்கள் கையாலேயே அட்டவணை வரைந்து அனுப்பி என்னைக் கண்காணிப்பாளராக நியமித்தீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடத்துச் சுவரில் அதை ஆணியில் மாட்டி, கையெழுத்துப் போட ஒரு பேனாவும், கோடு போட ஒரு பென்சிலும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பென்சில் மறுநாளே காணாமல் போனது. சின்ன விஷயம்தான், ஆனாலும் பதிவு செய்கிறேன்.

அட்டவணையில் முதலில் இரண்டே கட்டங்கள்: செய்தவர், பார்த்தவர். நேரம் காலை ஐந்தரை. முதல் நாள் நான் எழுந்தேன். அப்பா சுவர் முன்னால் நின்று விரலை ஏற்றினார். தோள் உயரம்வரை போனது, அதற்கு மேல் போகவில்லை. முகம் சுருங்கியது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றேன். உடனே கையை இறக்கி, "அஞ்சுல நல்லாத்தாம்மா வளைஞ்சுது, இப்ப அம்பதுல மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாள் நான் எழுந்திருக்கவில்லை. இதை நான்காம் நாள் போனில் தெரிந்துகொண்ட நீங்கள், மூன்றாவதாக ஒரு கட்டம் போடச் சொன்னீர்கள்: பார்த்தவரைப் பார்த்தவர்.

அத்தை, எல்லா வினையும் அந்தக் கட்டத்தில்தான் ஆரம்பம். என்னைப் பார்க்க அக்காவைப் போட்டோம். அக்கா காலேஜ் போனதிலிருந்து ஏழு மணிக்கு முன்னால் எழுந்ததே இல்லை, அதனால் அக்காவை எழுப்ப அம்மாவைப் போட்டோம். அம்மா ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டி மடித்துவிட்டு வருகிறாள், அவளை யார் எழுப்புவது என்று யோசித்தபோது, நாலரைக்கு அலாரமே இல்லாமல் விழித்துக்கொள்கிற ஒரே ஆள் இந்த வீட்டில் அப்பாதான் என்று தெரிந்தது. முதல் வண்டிப் பழக்கம். ஆகவே அப்பா அம்மாவை எழுப்புவார், அம்மா "அஞ்சு நிமிஷம்" என்று புரண்டு படுத்து, ஐந்தரைக்கு அக்காவை எழுப்புவாள், அக்கா ஆறேகாலுக்கு என்னை எழுப்புவாள், நான் அட்டவணையைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடுவேன், அப்பா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பினால், "நான் நாலரைக்கே எந்திரிச்சு என் வேலைய முடிச்சிட்டேன், நீங்கதான் லேட்டு" என்பார். அவருடைய வேலை என்பது அம்மாவை எழுப்புவது. இதில் தர்க்கப்பிழை எதுவும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பதினேழாம் நாள் கண்டக்டர் மாமா அப்பாவைப் பார்க்க வந்தார். அப்பாவுடன் ஒன்பது வருஷம் ஒரே வண்டியில் வேலை பார்த்தவர். என் கவலையைக் கேட்டுவிட்டு, "இதுக்கா அழுவுற? உங்கப்பன் யார் பேச்சக் கேட்டாரு? என் விசிலத்தான் கேப்பாரு" என்று பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார். சத்தியமாகச் சொல்கிறேன், நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது! பழக்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். விசிலைக் கடன் வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை ஆறேகாலுக்கு அப்பாவைச் சுவர் முன்னால் நிறுத்தி இரண்டு விசில் கொடுத்தேன். கை ஏறத் தொடங்கியது. அதே நேரம் சமையலறையில் குக்கர் ஒரு விசில் அடித்தது. அப்பா கையை இறக்கிவிட்டார்.

"ஏம்ப்பா?"

"ஒரு விசில்னா நிறுத்தணும்மா. ரூல்ஸ்."

நான் மறுபடி இரண்டு ஊதினேன், குக்கர் மறுபடி ஒன்று அடித்தது, இப்படியே நாங்கள் இருவரும் போட்டி போட, கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரர் லுங்கி நழுவ மேலே ஏறி வந்து, "இது வீடா, பஸ் ஸ்டாண்டா? காலங்காத்தால யாரு இங்க வண்டி எடுக்கிறது?" என்று கத்தினார். கத்திக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தவர், சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சில் கோடுகளைக் கண்டுபிடித்தார். அப்பாவின் தோள் உயரத்தில் ஆரம்பித்து, ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக. "வெள்ளையடிச்சு ஆறு மாசம் ஆகல!" என்றார். அம்மா அக்காவைப் பார்த்தாள், அக்கா என்னைப் பார்த்தாள், "இவதான் உயரம் அளந்திருப்பா, எந்நேரமும் எதையாவது குறிச்சுக்கிட்டே இருக்கா" என்றாள். அந்தக் கோடுகள் என் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தன. இந்த வீட்டில் அவ்வளவு வேகமாக வளர்கிறவர் யாருமில்லை என்று நான் வாதாடியதை யாரும் கேட்கவில்லை. அப்பா பால்கனிக்குப் போய்விட்டார். விசில் பறிமுதல் ஆனது.

இனிமேல்தான் எனக்குப் பாதகமான பகுதி. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு அப்பா பயிற்சி செய்து நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் ஞாயிறுதோறும் அட்டவணையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். காலியாக அனுப்பப் பயந்து, பார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். அக்கா தூக்கக் கலக்கத்தில் பார்த்தவரைப் பார்த்தவரில் போட்டாள். செய்தவர் கட்டத்தில் அப்பா, யாரும் கேட்காமலே போட்டுவிட்டுப் போனார். எல்லாரும் பொய் சொல்கிறோம் என்று நினைத்தேன். நீங்களோ "அட்டவணை அற்புதம், கண்ணு! வார்டுல உன்ன மாதிரி ஒருத்தி இருந்தா போதும்" என்று செய்தி அனுப்பினீர்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று பள்ளியில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள் நான். அந்த வேலி நான்தான்.

அத்தை, மூன்று நாளாக எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். "நீ நடக்கிற நடைக்கு உன் தோள் இறுகவே இறுகாது" என்கிறாள் அக்கா. நாளை மறுநாள் அப்பா அத்தனை பேர் முன்னால் கையைத் தூக்குவார், அது தோளோடு நின்றுவிடும், முகம் முதல் நாள் மாதிரி சுருங்கும், பிறகு சாவி அறை. காரணம் நான். எனவே என்னைக் கண்காணிப்பாளர் பதவியிலிருந்து உடனே நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த முறையில் யாருக்கும் எந்தப் பழக்கமும் வராது, பொய்க் கையெழுத்துப் போடுகிற பழக்கத்தைத் தவிர. அது எனக்கு இருபத்தோரு நாளில் நன்றாக வந்துவிட்டது.

மணி ஒன்பது ஆகப்போகிறது. ஒன்பதுக்கு விளக்கணைப்பது வீட்டு விதி. இந்த வீட்டைக் கட்டியவர் ஒட்டகச்சிவிங்கியைக் குடிவைக்க நினைத்தாரோ என்னவோ, கூடத்து சுவிட்ச் அவ்வளவு உயரம். அதுவும் பீரோவுக்குப் பின்னால் சந்தில். வலது கையை உள்ளே விட்டு மேலே நீட்டினால்தான் எட்டும், இடது கை பீரோவில் இடிக்கும். முன்பெல்லாம் அப்பாதான் அணைப்பார். தோள் போனதிலிருந்து நான் ஒட்டடைக் கம்பால் குத்தி அணைக்கிறேன். கம்பு இதோ என் காலடியில் தயாராக இருக்கிறது.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் வார்டில் உள்ள முப்பது பேரும் சீக்கிரம் குணமாகி உங்களிடமிருந்து தப்பிக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். திட்டுவதை மூன்று பக்கத்துக்குள் முடிக்கவும்.

தங்கள் நம்பிக்கைக்குத் தகுதியற்ற,
தம்பியின் இளைய மகள்

பி.கு.: வரிகள் கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும், தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். மேலே கையெழுத்துப் போட்டு முடித்ததும் விளக்கு அணைந்துவிட்டது. பக்கத்து வீடுகளில் எரிகிறது. அம்மாவும் அக்காவும் உள்ளே படுத்தாயிற்று. கம்பு என் காலடியில்தான் இருக்கிறது. தடவிப் பார்த்துக்கொண்டேன். பீரோ பக்கமிருந்து அப்பாவின் குரல்: "போதும் படும்மா, கண்ணு கெட்டுப்போகும்."

"லைட்டை யாருப்பா அணைச்சது?"

"நான்தான்."

"எந்தக் கையால?"

"ஸ்டியரிங் பிடிக்கிற கையாலதான்."

"கதவுக்குப் பின்னாடி கோடு?"

"காலையில எண்ணிக்கோ, முப்பத்தொம்பது இருக்கும். கை ஏறின உயரம், நாளுக்கு ஒண்ணு. உங்கம்மாவ எழுப்பிட்டு நீங்கள்லாம் வர்றதுக்குள்ள செஞ்சு முடிச்சிருவேன். நீ பேனாவோட நின்னு பார்த்தா கை ஏற மாட்டேங்குது. வெக்கமா இருந்துச்சு. அத்தைக்கு எழுதிடாத."

எழுதிவிட்டேன். அத்தை, மேலே உள்ளதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளவும். முப்பத்தொன்பதாம் நாள் அட்டவணையை இருட்டில் தடவி இப்போதுதான் நிரப்பினேன். செய்தவர்: அப்பா. பார்த்தவர் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உண்மையைத்தான் எழுதுவேன் என்று தொடங்கியதால் சொல்கிறேன், அந்தக் கை மேலே போனதை நான் பார்க்கவில்லை, கடிதத்திலிருந்து தலையை நிமிர்த்துவதற்குள் விளக்கு அணைந்திருந்தது.