வேப்பிலை விடுமுறை

பாடசாலையைப் பூட்டி வைத்தே கல்வியை வளர்த்த கிராமம் இந்த இலங்கைத் தீவில் ஒன்றே ஒன்றுதான். கிளிநொச்சிக்கு அப்பால், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் எட்டாம் வாய்க்கால் குடியேற்றமே அது. ஐம்பத்தேழாம் ஆண்டு மாசி மாதத்தில் அங்கே நடந்த அறிவுப் புரட்சியைச் சரித்திரம் இன்னும் கவனிக்கவில்லை. சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு எட்டாம் வாய்க்காலுக்கு வரும் பஸ் எதுவென்று தெரியாதது காரணமாக இருக்கலாம்.

அந்தப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருந்தது. ஆறாம் வகுப்பு வேண்டுமென்று தலைமை ஆசிரியர் ஐயாத்துரை கல்விக் கந்தோர் அதிகாரிகளுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் கந்தோர் இளகியது. பாடசாலைகளைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி மாசியில் நேரில் வந்து பார்ப்பார். பிள்ளைகளின் வரவு திருப்தியாக இருந்தால் ஆறாம் வகுப்பு உண்டு.

உடனே பெற்றார் ஆசிரியர் சங்கம் கூடியது. தலைவர் வீரகத்தி கதிரையை விட்டு எழும்பி, சால்வையைச் சரிசெய்தார்.

"மாஸ்டர், படிப்புத்தான் எங்கட கண். இனி ஒரு பிள்ளையும் ஒரு நாளும் பள்ளிக்கூடம் வராமல் மறிபடாது. இது சத்தியம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஐயாத்துரைக்குக் கண் கலங்கியது. ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வரும் இராசமலரை அவர் நினைத்துக்கொண்டார். மற்றப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் மாமன் வீடோ பெரியப்பா வீடோ இருந்தது. தகப்பனில்லாத இராசமலருக்கு இருந்ததெல்லாம் தாய் இரஞ்சிதமும் இரண்டு பசுக்களும்தான். அவளுக்கு ஆறாம் வகுப்பு எட்டாம் வாய்க்காலில் இல்லையென்றால் வேறெங்கும் இல்லை.

அடுத்த கிழமை காலபோக நெல் அறுவடை முடிந்தது. கையில் காசு புரண்டது. கொழும்புக்குப் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த கடுகதி ரெயில் கிளிநொச்சியில் நின்றுதான் போனது. தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் யானை நடனமாடுகிறது என்ற செய்தியும் ஊருக்கு வந்து சேர்ந்தது. எட்டாம் வாய்க்கால் மக்கள் யானையை அறியாதவர்கள் அல்லர். கதிர் முற்றும் காலத்தில் அது அவர்களுடைய வயலுக்குத் தானாகவே வந்து போகும். ஆனால் அது நடனமாடுவதில்லை. இந்தக் குறை அவர்கள் மனத்தை நெடுநாளாக அரித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை வீரகத்தியின் பிள்ளைகள் மூவரையும் காணவில்லை. ஐயாத்துரை சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். வாசல் படலையில் வேப்பிலைக் கொத்துத் தொங்கியது.

"மாஸ்டர், கிட்ட வராதேங்கோ!" உள்ளேயிருந்து வீரகத்தியின் குரல் கேட்டது. "பிள்ளையளுக்கு அம்மாள் வந்திட்டா."

"மூண்டு பேருக்குமோ?"

"அவா வந்தா எல்லாருக்கும் சேர்த்துத்தான் வாறவா."

அம்மாள் என்பது கொப்புளிப்பான் என்ற அம்மை நோய். அது கண்ட வீட்டுப் படலையைத் தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரைக்கும் யாரும் தாண்டுவதில்லை. ஐயாத்துரையும் பயபக்தியோடு சைக்கிளைத் திருப்பினார். அப்போது வேலிக்கு மேலாக ஒரு வாசனை வந்தது. பயித்தம்பணியாரம் எண்ணெயில் பொரிகிற வாசனை. அம்மாள் கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

ஐயாத்துரை யோசித்தார். கேட்கலாமா? கேட்டால் சங்கத் தலைவரைப் பொய்யன் என்றதாகும். கேட்காவிட்டால் தன் மூக்கைப் பொய்யன் என்றதாகும். நன்றாக யோசித்து, எதிர்த்துப் பேசாத மூக்கையே குற்றவாளியாக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

செவ்வாய்க்கிழமை இன்னும் சில படலைகளில் வேப்பிலை. புதன்கிழமை வாய்க்காலின் இரு கரையிலும் வேப்பிலை. வேப்பமரங்கள் மொட்டையாகின. ஊர் முழுவதும் பணியாரம் மணத்தது.

வியாழக்கிழமை பாடசாலைக்கு வந்தவள் இராசமலர் மட்டுமே.

"எங்க பிள்ளை மற்றவையெல்லாம்?"

"விடியக்காலமை பெட்டியளோட போச்சினம், சேர். மாடுகளை எங்கட அம்மாவிட்டத்தான் விட்டவை. எல்லாத்துக்கும் தண்ணி வைச்சிட்டுத்தான் வாறன்."

ஐயாத்துரைக்கு வரவு இடாப்பைத் திறக்கவே பயமாக இருந்தது. இந்த வரவோடு வித்தியாதரிசி வந்தால் ஆறாம் வகுப்பு வாய்க்காலோடு போய்விடும். அப்போதுதான் அந்த மகத்தான சுற்றுநிருபம் அவர் நினைவுக்கு வந்தது: "தொற்று நோய் காரணமாகப் பாடசாலை மூடப்படும் நாட்கள் வரவுக் கணக்கிற் சேரா." தபாற்கந்தோருக்கு ஓடித் தந்தியடித்தார். அன்று பின்னேரமே வித்தியாதரிசியிடமிருந்து பதில் தந்தி வந்தது. "ஆழ்ந்த அனுதாபங்கள். உடனே மூடுக. திங்கள் முதல் நோய் நாட்களாகக் கொள்க. எனது வருகை ஒத்திவைக்கப்பட்டது." அரசாங்கம் இத்தனை வேகமாக இரங்கியதை அவர் தம் சேவைக்காலத்தில் கண்டதேயில்லை.

"அப்ப எங்கட படலைக்கு எப்ப வேப்பிலை?" என்று கேட்டாள் மனைவி பத்மாசனி. கண்டியில் அவளுடைய தங்கை இருந்தாள்.

"நான் ஒரு தலைமை ஆசிரியர். பொய்யுக்கு என்ர படலையில வேப்பிலை கட்டமாட்டன்."

அவர் கொள்கைவாதி. பாடசாலைப் படலையில்தான் கட்டினார்.

மறுநாள் விடியவே இராசமலர் புத்தகங்களோடு வந்து அந்தப் படலையில் நின்றாள்.

"சேர், எனக்கு அம்மாள் ஒண்டுமில்லை. நான் இருந்து படிக்கட்டோ?"

"ஒராளுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தேலாது, பிள்ளை. எல்லாம் உன்ர ஆறாம் வகுப்புக்காகத்தான்."

அவள் நம்பினாள். அதுதான் அவரைக் கொஞ்சம் உறுத்தியது.

பாடசாலை மூடியிருக்கும்போது தலைமை ஆசிரியர் பிரயாணம் செய்வது குற்றமாகாது. ஆனாலும் கிளிநொச்சி ஸ்டேசனில் யாராவது கண்டால் கதை வரும். ஆகையால் ஐயாத்துரை குடும்பத்தோடு பஸ்ஸில் வவுனியாவுக்குப் போய், அங்கே ரெயில் ஏறினார். மூன்றாம் வகுப்புப் பெட்டியின் கதவைத் திறந்தார். உள்ளே எட்டாம் வாய்க்கால் முழுவதும் உட்கார்ந்திருந்தது. முதல்நாள் விடியப் பெட்டிகளோடு போனவர்கள் அன்றைய ரெயிலில் இடம் கிடைக்காமல், இரவைக் கிளிநொச்சிச் சொந்தக்காரர் வீடுகளில் கழித்திருந்தார்கள்.

"சேர்!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் எழும்பி நின்றனர். வரவு முழுமையாக இருந்தது.

வீரகத்தி மட்டும் சளைக்கவில்லை. "மாஸ்டருக்கு இடம் விடடா, பெடியா! இந்தாங்கோ மாஸ்டர், பணியாரம். உங்கட பிள்ளையளுக்கும் அம்மாளோ?"

"இல்லை. எங்களுக்கு லீவு" என்றார் ஐயாத்துரை, பணியாரத்தை வாங்கிக்கொண்டு.

அனுராதபுரத்தில் தண்ணீர் பிடிக்க இறங்கியவர் குழாயடியில் உறைந்து நின்றார். முதலாம் வகுப்புப் பெட்டியிலிருந்து வித்தியாதரிசி காற்றாட இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் நான்கு பிள்ளைகள், ஆளுக்கொரு புதுத் தொப்பியோடு. தவணை நடுவில் பெற்றார் தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு விடாமல் மறிக்கக்கூடாது என்று சுற்றுநிருபம் எழுதியவரும் அவரேதான்.

"ஆ, மிஸ்டர் ஐயாத்துரை! அங்க நிலைமை எப்பிடி?"

"மோசம் சேர். ஊருக்குள்ள ஒரு சனமில்லை."

மூன்றாம் வகுப்பு யன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள் முளைத்திருந்தன. வித்தியாதரிசி நிமிர்ந்து பார்த்தார்.

"உவை ஆர்?"

"நோயாளியள், சேர். காத்து மாறினா நல்லதெண்டு..."

"ஓம், ஓம். என்ர பிள்ளையளுக்கும் உடம்பு கணகணக்குது. அதுதான் நுவரெலியாவுக்கு."

"நுவரெலியாக் காத்து திறம், சேர்."

விசில் ஊதியது. இருவரும் கைகுலுக்கிப் பிரிந்தனர். அரசாங்க சேவையில் இத்தகைய பரஸ்பர நம்பிக்கை அரிது.

யானை நன்றாகவே ஆடியது. ஊர் திரும்பியது. வேப்பிலைகள் கழற்றப்பட்டன. மாடுகள் கொழுத்திருந்தன. வீரகத்தி நன்றியோடு இராசமலருக்கு ஒரு யானைப் படம் கொண்டுவந்து கொடுத்தார். நோய் நாட்கள் சேராதபடியால் பாடசாலையின் வரவு வட்டாரத்திலேயே முதலிடம் பிடித்தது. ஐயாத்துரை ஆறாம் வகுப்புக்கு இடம் பார்த்து, கூரைக்குக் கிடுகும் கட்டி வைத்தார்.

கந்தோரின் பதில் சித்திரையில் வந்தது. "வரவு மிகத் திருப்தி. எனினும் கிராமம் முழுவதையும் கொள்ளைநோய் பீடித்ததென்பது தங்கள் தந்தியாலேயே உறுதியாகின்றமையால், இப்பிரதேசத்தில் உயர் வகுப்பு ஆரம்பித்து அயற்பிள்ளைகளையும் வரவழைத்தல் பொதுச் சுகாதாரத்துக்கு ஊறாகும்."

நோய் இல்லை என்று எழுத ஐயாத்துரை பேனாவை எடுத்தார். எழுதினால் தந்தி பொய். தந்தி பொய்யென்றால் உத்தியோகம் போகும். பேனாவை மூடினார். நோய் இல்லையென்று எழுதினால் நுவரெலியாவும் வெளியே வருமாகையால் வித்தியாதரிசியாலும் எழுத முடியாது. உண்மையைத் தெரிந்த இருவரும் உண்மையைத் தொடமுடியாத இடத்தில் கௌரவமாக உட்கார்ந்திருந்தார்கள்.

சங்கம் கூடி அரசாங்கத்தை ஏகமனதாகக் கண்டித்தது.

"அநியாயம், மாஸ்டர்!" என்று வீரகத்தி மேசையில் தட்டினார். "என்ர பெடியனைச் சாவகச்சேரியில மாமன் வீட்டில விட்டுப் படிப்பிக்கப்போறன். வேற என்ன செய்யிறது?"

மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஆளுக்கொரு மாமன் இருந்தான்.

ஐந்தாம் வகுப்பின் கடைசி நாள். எல்லோரும் போனபின் இராசமலர் மேசையருகே வந்து நின்றாள். அவள் கையில் யானைப் படம் இருந்தது.

"சேர், ஒண்டு கேட்கட்டோ?"

"கேள், பிள்ளை."

"நான்தானே ஒரு இடமும் போகேல்லை. எல்லாரின்ர லீவும் முடிஞ்சுது. எனக்கு மட்டும் ஏன் சேர் இண்டைக்குத் தொடங்குது?"